வானொலி நிலையம் எதை மாற்றலாம், எதை விடக்கூடாது: ஓர் எளிய விளக்கம்

ஒரு வானொலி நிலையம் காலையிலிருந்து நள்ளிரவு வரை ஒலிபரப்பும் அத்தனையையும் ஒருநாள் தாளில் எழுதிப் பார்த்தால், அது இரண்டு குவியலாகப் பிரியும். ஒன்று, அந்த நேரத்துக்கு மட்டுமே உயிருள்ளது. பாலத்தில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நிற்கின்றன. இன்னும் இரண்டு மணி நேரத்தில் புயல் கரையைக் கடக்கும். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் பாக்கி. இதையெல்லாம் நாளைக்குக் கேட்டு ஒரு பயனும் இல்லை. மற்றொன்று கெட்டுப்போகாதது. ஒரு மருத்துவரின் நீண்ட பேட்டி, ஒரு நாடகம், ஒரு பழைய பாடகியின் நினைவுகள். இவற்றை இன்றைக்குக் கேட்டாலும் அடுத்த வருடம் கேட்டாலும் ஒன்றுதான்.

தொழில்நுட்பமும் கேட்கும் பழக்கமும் மாறிக்கொண்டே போகும்போது நிலையம் என்ன செய்வது என்ற கேள்விக்கு, என் பார்வையில் இந்தப் பிரிவினைதான் தொடக்கம். செயலி வேண்டுமா, காணொளி வேண்டுமா, பாட்காஸ்ட் வேண்டுமா என்பதெல்லாம் அப்புறம். நிலையங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் செயலி செய்துவிடுகிறார்கள், அதில் எதைப் போடுவது என்று பிறகு யோசிக்கிறார்கள்.

பாடல் எந்தக் குவியலில் சேரும்? இரண்டிலும் சேராது. ஒரு காலத்தில் பாடல்தான் நிலையத்தின் முதல் சொத்து. இசைத்தட்டு வாங்க முடியாதவர்களுக்கு வானொலியை விட்டால் வேறு வழியில்லை. நேயர் விருப்பத்தில் தன் பெயரும் பாடலும் வருமா என்று வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்று அதே பாடல் கைபேசியில் நினைத்த நொடியில் கிடைக்கிறது, விளம்பரம் இல்லாமலும் கிடைக்கிறது. ஆகவே பாடல் மட்டும் ஒரு நிலையத்தைக் காப்பாற்றாது. இந்தப் பாடலுக்குப் பின் ஏன் அந்தப் பாடல், நடுவில் யார் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்பதுதான் நிலையத்துக்குச் சொந்தமானது.

ஏற்கெனவே ஒருமுறை நடந்தது

1920 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கேடிகேஏ நிலையம் அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. 1922-இல் பிபிசி தொடங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு வானொலி என்றால் கூடத்தில் நிற்கும் பெரிய மரப்பெட்டி. மாலையில் வீடே அதைச் சுற்றி உட்காரும். நாடகமும் நகைச்சுவையும் இசைக்கச்சேரியும் அந்த நேரத்துக்காகவே தயாரிக்கப்பட்டன.

1950-களில் தொலைக்காட்சி வந்து அந்த மாலையை அப்படியே எடுத்துக்கொண்டது. நாடகமும் நகைச்சுவையும் அங்கே போயின, நடிகர்களும் விளம்பரதாரர்களும் கூடவே போனார்கள். அமெரிக்காவின் பெரிய வானொலி வலையமைப்புகள் நடத்திவந்த தொடர் நாடக மரபு 1962 செப்டம்பரோடு முடிந்துபோனது. வானொலி அத்துடன் ஒழிந்திருக்க வேண்டும். ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1954-இல் ரீஜென்சி டிஆர்-1 என்ற டிரான்சிஸ்டர் ரேடியோ விற்பனைக்கு வந்தது. கையில் அடங்குவது, மின்கலத்தில் ஓடுவது. கூடத்திலிருந்த வானொலி இளைஞர்களின் அறைக்கும் கடற்கரைக்கும் போனது. காரிலும் பரவலாக ஏறியது.

புத்திசாலி நிலையங்கள் மாலைக்காகச் சண்டை போடவில்லை. அதைத் தொலைக்காட்சிக்கு விட்டுவிட்டுக் காலையைப் பிடித்துக்கொண்டன. குளித்துக்கொண்டும் கிளம்பிக்கொண்டும் வண்டி ஓட்டிக்கொண்டும் இருப்பவர்களுக்குக் கண் ஓய்வாக இல்லை, காது ஓய்வாக இருக்கிறது என்று கண்டுகொண்டன. நேரம், வானிலை, குட்டிச் செய்தி, பாட்டு, கலகலப்பான ஒரு குரல். இன்று உலகெங்கும் நிலையங்களின் வருமானத்தைத் தாங்கி நிற்கும் காலை நிகழ்ச்சி உருவான கதை இதுதான்.

இன்னொரு கதை பண்பலையுடையது. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் எஃப்எம் தொழில்நுட்பத்துக்குக் காப்புரிமை பெற்றது 1933-இல். ஒலி தெளிவு, இரைச்சல் இல்லை. அப்படியிருந்தும் அமெரிக்காவில் எஃப்எம் கேட்பவர்கள், அதற்கு முந்தைய முறையான ஏஎம் கேட்பவர்களை விஞ்சியது 1970-களின் கடைசியில்தான். நாற்பது ஆண்டுகளுக்கு மேல்! புதிய கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும், மக்கள் கையில் இருக்கும் பழைய பெட்டி உடையும் வரை பொறுத்திருக்க வேண்டும். புதிய தொழில்நுட்பம் வந்துவிட்டது என்று யாராவது பரபரக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நாற்பது ஆண்டுகள்தான் நினைவுக்கு வரும்.

ஆக, பழக்கம் மாறுகிறது என்றால் கேட்பவரின் நேரமும் இடமும் மாறுகின்றன என்று பொருள். அந்த நேரமும் இடமும் இப்போது எங்கே போயிருக்கின்றன? காதுக்குள் செருகிய சின்ன ஒலிபெருக்கிக்குள், கார் முன்பலகைத் திரைக்குள், சமையலறையில் பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் ஸ்மார்ட் ஸ்பீக்கருக்குள். இம்மூன்றிலும் வானொலிக்குத் தனி இடம் கிடையாது. ஆயிரம் ஒலிகளில் அதுவும் ஒன்று.

அலையும் இணையமும் வேலை செய்யும் விதம்

இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கோபுரத்திலிருந்து புறப்படும் வானொலி அலை மணியோசை மாதிரி. மணி அடித்தால் ஊரே கேட்கும். பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் அடிப்பவருக்கு அதே செலவு. நிலையத்தின் செலவு ஒலிபரப்புக் கருவியின் மின்சாரம், பராமரிப்பு, உரிமக் கட்டணம் ஆகியவற்றோடு நின்றுவிடும். நேயர் கூடக்கூட ஒரு நேயருக்கான செலவு குறைந்துகொண்டே போகும். யார் கேட்கிறார்கள் என்பது நிலையத்துக்குத் தெரியாது. இதில் ஒரு நன்மையும் உண்டு: கேட்பவரை எவரும் வேவு பார்க்க முடியாது.

இணைய ஒலிபரப்பு, அதாவது ஸ்ட்ரீமிங், வேறு வகை. அங்கே ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனியாக ஒரு பிரதி போகிறது. ஒரு நொடிக்கு 128 கிலோபிட் என்ற வழக்கமான தரத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 58 மெகாபைட் செலவாகும். ஒரே நேரத்தில் 10,000 பேர் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 576 ஜிகாபைட். நேயர் கூடினால் சர்வர் கட்டணமும் கூடும். நேயருக்கும் டேட்டா செலவு. அதனால்தான் ஹெச்இ-ஏஏசி போன்ற சுருக்க முறைகள் முக்கியமாகின்றன. அவற்றில் 48 கிலோபிட்டில்கூடக் காதுக்கு உறுத்தாத ஒலி கிடைக்கும், ஒரு மணி நேரத்துக்கு 22 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். டேட்டா குறைவாக வைத்திருக்கும் நேயர்களை நம்பியிருக்கும் நிலையம், உயர்தர ஒலி என்று பெருமைப்படுவதற்கு முன் இந்தச் சின்ன ஸ்ட்ரீமை வைக்க வேண்டும்.

இணையத்தில் இன்னொரு சங்கடம் தாமதம். ஸ்ட்ரீம் அலையைவிடப் பத்து நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரை பின்தங்கி வரும். பாட்டுக்கு இது பொருட்டில்லை. விளையாட்டு வர்ணனையில் பக்கத்து வீட்டு ஆரவாரம் கேட்ட பிறகு கோல் விழுந்தால் எரிச்சல்தான்.

இதற்கெல்லாம் ஈடாக இணையம் அலையால் தர முடியாத இரண்டைத் தருகிறது. தூரம் ஒரு தடையாக இல்லை. எஃப்எம் அலை ஏறத்தாழ அடிவானத்தோடு நின்றுவிடும், ஸ்ட்ரீமுக்கு எல்லையே கிடையாது. நேரமும் தடையில்லை, தவறவிட்டதை இரவு கேட்கலாம். அமெரிக்காவின் சேப்பல் ஹில்லில் இருக்கும் டபிள்யூஎக்ஸ்ஒய்சி என்ற மாணவர் நிலையம் 1994 நவம்பரிலேயே தன் ஒலிபரப்பை இணையத்தில் விட்டது. அன்றைய இணைப்பு வேகத்தில் அதைக் கேட்டவர்கள் மிகச் சிலர்தான் இருந்திருப்பார்கள். ஆனாலும் தூரம் அன்றே உடைந்துவிட்டது.

முதலில் சொன்ன இரண்டு குவியல்களை இங்கே பொருத்திப் பாருங்கள். அந்தந்த நேரத்துக்கே உரியது அலையில் மிக நன்றாகப் பயணிக்கிறது. கெட்டுப்போகாதது இணையத்தில் மிக நன்றாக நிற்கிறது. இரண்டையும் ஒரே குழாயில் திணிக்கும் நிலையம் இரண்டு இடத்திலும் தோற்கிறது.

கோபுரத்தை அணைத்தவர்கள்

நடுவில் ஒரு மூன்றாவது பாதையும் உண்டு. அலையையே டிஜிட்டலாக அனுப்புவது. ஐரோப்பாவில் டிஏபி, அமெரிக்காவில் ஹெச்டி ரேடியோ, மத்திய அலையிலும் சிற்றலையிலும் டிஆர்எம் என்று வெவ்வேறு முறைகள். டிஏபி-யில் பல நிலையங்கள் ஒரே அலைத்தொகுதியில் சேர்ந்து பயணிக்கும், அதனால் ஒரு நிலையத்துக்கான செலவு குறையும். குறையும் உண்டு. எஃப்எம் பலவீனமானால் இரைச்சலோடாவது கேட்கும். டிஜிட்டல் பலவீனமானால் சட்டென்று அறுந்து மௌனமாகிவிடும்.

நார்வே 2017 ஜனவரி 11 அன்று வடக்கே நூர்லான் மாகாணத்தில் தேசிய எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்தத் தொடங்கி, டிசம்பரில் நாடு முழுவதும் முடித்தது. மலையும் கடற்கழியும் நிறைந்த நாட்டில் ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் எஃப்எம் கொண்டுசெல்வது பெருஞ்செலவு. அங்கே எஃப்எம்மில் 5 தேசிய நிலையங்களுக்குத்தான் இடமிருந்தது. டிஏபி-யில் 22 வந்தன. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் பழைய கார்களில் டிஏபி கிடையாது, தனியாக ஒரு கருவி வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. பலர் வாங்கவில்லை. தினசரி கேட்போர் எண்ணிக்கை சரிந்தது. சிறிய உள்ளூர் நிலையங்கள் பல எஃப்எம்மிலேயே தங்கிவிட்டன.

சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஆர்ஜி 2024 டிசம்பர் 31 அன்று தன் எஃப்எம்மை அணைத்தது. தனியார் நிலையங்கள் உடனே அணைக்கவில்லை. அடுத்த ஆண்டில் எஸ்ஆர்ஜி நேயர்களை இழந்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை: வண்டியில் பழகிய பொத்தானை அழுத்தினால் ஒன்றும் கேட்கவில்லை என்றால், பொத்தானை மாற்றுவார்களே தவிர வண்டியை மாற்றமாட்டார்கள்.

ஜப்பானில் வேறு திசை. அங்கே ஏஎம் நிலையங்களின் உயர்ந்த கோபுரங்களுக்கு விரிந்த நிலம் வேண்டும். ஈரமான நிலத்தில் அலை நன்றாகப் பரவும் என்பதால் பல ஆற்றோரமாக இருக்கின்றன, வெள்ளம் வந்தால் ஆபத்து. எனவே ஏஎம் நிகழ்ச்சிகளையே எஃப்எம்மிலும் துணையாக ஒலிபரப்ப 2014 முதல் வழிசெய்தார்கள். இரண்டும் பல ஆண்டுகள் கூடவே ஓடின. 2024 பிப்ரவரியில்தான் சில தனியார் நிலையங்கள் ஏஎம்மைச் சோதனையாக நிறுத்திப் பார்த்தன. மெதுவானதுதான், ஆனால் நேயர் இடம்மாறுவதற்கு நேரம் கொடுத்த வழி இது. என் ஓட்டு இதற்கே.

அறுத்துக் கொடுப்பதும் அள்ளிக் கொட்டுவதும்

கெட்டுப்போகாத குவியலை இணையத்தில் வைக்க வேண்டும் என்றால், மூன்று மணி நேர நிகழ்ச்சியை அப்படியே பதிவேற்றிவிடுவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் கேட்கமாட்டார்கள். “மணி எட்டு இருபது, வெளியே நல்ல மழை” என்ற வரியோடு தொடங்கும் பதிவை அடுத்த வாரம் வெயிலில் கேட்பவருக்கு அது பழைய காலண்டர்.

செய்ய வேண்டியது அறுப்பு. நேரம், வானிலை, விளம்பரம், பாடல் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, பேட்டி மட்டும் பதினெட்டு நிமிடம் வந்தால் அதைத் தனியே எடுங்கள். முன்னால் இருபது நொடிக்குப் புதிய அறிமுகம் சேருங்கள்: யார் பேசுகிறார், எதைப் பற்றி. தலைப்பில் நிகழ்ச்சியின் பெயரையும் தேதியையும் போடாமல் விஷயத்தைப் போடுங்கள். தேடுகிறவர் விஷயத்தைத்தான் தேடுகிறார். ஒலி அளவையும் சரிபார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர்128 பரிந்துரைப்படி ஒலிபரப்புக்கான சராசரி அளவு மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் ஒலியின் உரப்பை அளக்கும் அலகு). தெரு இரைச்சலில் இயர்போனில் கேட்கும் பாட்காஸ்டுக்கு மைனஸ் 16 அளவில் வைப்பது வழக்கம். இந்த வேறுபாடு தெரியாமல் பதிவேற்றினால் நேயர் ஒலியைக் கூட்டிக் கூட்டிக் களைத்துப்போவார்.

பாடலைக் கழிக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உரிமை. அலையில் பாடலை ஒலிபரப்பும் உரிமையும், அதைத் தரவிறக்கும் கோப்பாகக் கொடுக்கும் உரிமையும் வேறு வேறு. அமெரிக்காவில் எஃப்எம்மில் ஒலிக்கும் பாடலுக்குப் பாடலாசிரியர், இசையமைப்பாளர் தரப்புக்குக் கட்டணம் உண்டு, பாடியவருக்குக் கிடையாது. அதே பாடல் அதே நிலையத்தின் ஸ்ட்ரீமில் போனால் பாடியவர் தரப்புக்கும் கட்ட வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் விதி மாறும், ஆனால் “ஒலிபரப்ப உரிமம் இருக்கிறதே, பதிவேற்றினால் என்ன?” என்ற எண்ணம் எங்குமே ஆபத்து.

பாட்காஸ்ட் ஒன்றுதான் வழி என்றில்லை. பிரிட்டனின் அப்சொல்யூட் ரேடியோ 2009-இல் 80-களின் பாடல்களுக்கென்று தனி நிலையம் தொடங்கி, பிறகு மற்ற பத்தாண்டுகளுக்கும் விரித்தது. காலை நிகழ்ச்சியில் ஒரு தந்திரம் செய்தார்கள். தொகுப்பாளரின் பேச்சு எல்லா நிலையங்களிலும் ஒன்று, நடுவில் வரும் பாடல் மட்டும் நிலையத்துக்கு நிலையம் வேறு. ஒரே குழுவின் உழைப்பில் பல நிலையங்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் நேயர் நன்கொடையில் ஓடும் கேஇஎக்ஸ்பி, தன் ஸ்டூடியோவில் இசைக்குழுக்கள் நேரடியாக வாசிப்பதைப் படம்பிடித்து யூடியூபில் போட்டது. அலை ஒரு நகரத்தோடு நின்றது. காணொளி கண்டங்களைத் தாண்டி நேயர்களைக் கொண்டுவந்தது. கவனியுங்கள், ஆர்ஜே மைக் முன்னால் உட்கார்ந்து பேசுவதை ஒரு கேமரா வைத்து மணிக்கணக்கில் காட்டவில்லை. அதை யார் பார்ப்பார்கள்? பார்க்க எதாவது நடக்கும் இடத்தில் மட்டும் கேமரா வைத்தார்கள்.

பிபிசி 6 மியூசிக்கின் கதையும் சொல்ல வேண்டியது. 2002-இல் டிஜிட்டலில் மட்டும் தொடங்கிய நிலையம். கேட்பவர் குறைவு, பெயரே பலருக்குத் தெரியாது என்று 2010-இல் பிபிசி நிர்வாகமே அதை மூடப் பரிந்துரைத்தது. நேயர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், மூடும் செய்தியே விளம்பரமாகி நேயர்கள் பெருகினார்கள், பிபிசியை அப்போது மேற்பார்வையிட்ட பிபிசி டிரஸ்ட் அந்தப் பரிந்துரையை நிராகரித்தது. எட்டு ஆண்டுகள் பொறுத்த பிறகும் அவசரப்படப் பார்த்தார்கள் என்பதே எனக்குப் படுவது.

கார், ஸ்பீக்கர் பற்றி

காரில் ஒரு காலத்தில் சாவியைத் திருப்பினால் வானொலி பாடும். இப்போது திரையில் பத்துச் சின்னங்கள், அதில் வானொலி எங்கோ ஓர் ஓரத்தில். 2014-இல் ஆப்பிள் கார்பிளே, அடுத்த ஆண்டில் ஆண்ட்ராய்டு ஆட்டோ வந்தன. மின்சாரக் கார்களின் மோட்டாரும் அதற்கான இன்வெர்ட்டர் சுற்றுகளும் ஏஎம் அலையில் இரைச்சலைக் கிளப்புகின்றன என்று சில தயாரிப்பாளர்கள் ஏஎம்மையே எடுத்துவிட்டார்கள். ஃபோர்டு 2023-இல் அப்படி அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டில் பின்வாங்கியது.

ஒரு நிலையம் தனியாகக் கார் நிறுவனங்களோடு பேச முடியாது. கூட்டாகப் பேசலாம். பிரிட்டனில் பிபிசியும் தனியார் நிலையங்களும் போட்டியை ஒதுக்கிவைத்து 2011-இல் ரேடியோபிளேயர் என்ற பொது இணையத் தளத்தைத் தொடங்கின. ஜப்பானில் 2010-இல் வந்த ராடிகோவும் அதே மாதிரிதான். 2016 முதல் அதில் ஒரு வாரத்துக்குள் ஒலிபரப்பானதைத் திரும்பக் கேட்கவும் முடிகிறது. நிலையம் ஒவ்வொன்றும் தனிச் செயலி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஒருவர் தன் கைபேசியில் ஒரு நிலையத்துக்காக மட்டும் ஒரு செயலியை எத்தனை நாள் வைத்திருப்பார்?

தனியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு, செலவும் அதிகமில்லை. திரையில் நிலையத்தின் பெயர், சின்னம், ஓடும் பாடலின் பெயர், பேசுபவர் பெயர் எல்லாம் சரியாக வருகின்றனவா என்று பார்ப்பது. எஃப்எம்மில் ஆர்டிஎஸ் என்ற முறை இந்தச் சிறு எழுத்துகளை அலையோடு சேர்த்து அனுப்புகிறது; இணையத்தில் மெட்டாடேட்டா என்பார்கள். பல நிலையங்களில் இது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

ஸ்மார்ட் ஸ்பீக்கரில் திரையே இல்லை, பெயர் மட்டும்தான். நேயர் வாய்விட்டு நிலையத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், கருவிக்கு அது புரிய வேண்டும். எழுத்தும் எண்ணும் புள்ளியும் கலந்த பெயர், இன்னொரு நிலையத்தின் பெயரோடு குழம்பும் பெயர் என்றால் நேயர் கேட்டது ஒன்று, கருவி பாடுவது வேறொன்று. நிலையத்தின் பெயரைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்து, எது வேலை செய்கிறதோ அதையே காற்றிலும் சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டும்.

எண்களை எப்படிப் படிப்பது

அலையில் யார் கேட்கிறார்கள் என்று தெரியாது என்றேன். அதனால் நெடுங்காலம் நாட்குறிப்பு முறைதான்: தேர்ந்தெடுத்த சிலர் ஒரு வாரம் எதைக் கேட்டோம் என்று எழுதிக் கொடுப்பார்கள். மனிதர்கள் தங்களுக்குப் பிடித்த நிலையத்தை மட்டும் நினைவு வைத்து எழுதுவார்கள், நடுவில் மாற்றிய நாலு நிலையங்களை மறந்துவிடுவார்கள். 2007 முதல் அமெரிக்க நகரங்களில் ஒரு சிறு மின்கருவி வந்தது. நிலையங்கள் ஒலியோடு காதுக்குப் புலப்படாத ஒரு குறியீட்டை அனுப்பும், இடுப்பில் மாட்டிய கருவி அதைப் பிடித்துப் பதிந்துகொள்ளும். மக்கள் நினைத்ததைவிட அதிக நிலையங்களை, நினைத்ததைவிடக் குறைந்த நேரம் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. உடனே பல நிலையங்கள் தொகுப்பாளர்களின் பேச்சைக் குறைக்கச் சொல்லின, பேசும்போது நேயர் மாற்றிவிடுகிறார் என்று. எண் சரிதான், எடுத்த முடிவு சரியா? பேச்சை வெட்டிய நிலையம், விளம்பரம் இடையில் வரும் வெறும் பாட்டுப் பட்டியலாகிவிட்டது. அந்தப் போட்டியில் இசைச் செயலியை அது எக்காலத்திலும் வெல்லாது.

ஸ்ட்ரீம், பாட்காஸ்ட் எண்கள் இன்னும் துல்லியமாகத் தெரியும், ஆனால் அவை இணையத்தில் கேட்பவர்களை மட்டும் காட்டும். டிரான்சிஸ்டரில் கேட்கும் முதியவர் அந்த வரைபடத்தில் இல்லவே இல்லை. தெரியும் எண்ணுக்காக நிகழ்ச்சியை மாற்றினால் தெரியாத நேயர் போய்விடுவார்.

குரலை இயந்திரத்திடம் கொடுத்தால்

2024 அக்டோபரில் போலந்தின் ஆஃப் ரேடியோ கிராகுவ், மனிதத் தொகுப்பாளர்களை விலக்கிவிட்டுச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய மூன்று ‘தொகுப்பாளர்களை’ அமர்த்தியது. 2012-இல் இறந்த நோபல் கவிஞர் விஸ்வாவா ஷிம்போர்ஸ்காவை அந்த இயந்திரம் ‘பேட்டி’ கண்டது. எதிர்ப்புக் கிளம்பி, சில நாட்களிலேயே சோதனையைக் கைவிட்டார்கள். சிட்னியில் காடா என்ற நிலையத்தில் தை என்ற பெண் தொகுப்பாளர் மாதக்கணக்கில் நிகழ்ச்சி நடத்திவந்தார். அது செயற்கைக் குரல் என்று 2025 ஏப்ரலில் வெளியே தெரிந்தது. நேயர்களிடம் சொல்லவே இல்லை என்பதுதான் அங்கே பெரிய குற்றச்சாட்டு.

செயற்கை நுண்ணறிவை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேட்டியை எழுத்தாக்க, பழைய ஒலிநாடாவின் இரைச்சலை நீக்க, பதிவுகளில் எங்கே எந்தப் பெயர் வருகிறது என்று தேட, வானிலைச் செய்தியை இன்னொரு மொழிக்கு வரைவாக மாற்ற, அது பிரமாதமான உதவியாள். நேயர் அறியாத பின்னறையில் வேலை செய்யட்டும். காற்றில் ஒலிக்கும் குரல், பேசுவதற்குப் பொறுப்பேற்கும் ஒருவருடையதாக இருக்கட்டும். இரவு மூன்று மணிக்கு யாரும் இல்லாத ஸ்டூடியோவில் பதிவு செய்த பாட்டு ஓடுவது பழைய வழக்கம்தான். அதில் தவறில்லை, ஆனால் அது பதிவு என்று நேயருக்குத் தெரிய வேண்டும், அவசரம் வந்தால் ஒரு மனிதர் பத்து நிமிடத்தில் மைக்கைத் திறக்க வேண்டும்.

மின்சாரம் போன நாள்

2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கி மின்சாரத்தையும் கைபேசிக் கோபுரங்களையும் சாய்த்தபோது, தொடர்ந்து ஒலித்த நிலையம் ஏஎம்மில் இருந்த வாப்பா ரேடியோ. மேயர்களும் பொதுமக்களும் நேரில் நிலையத்துக்கே வந்து தங்கள் ஊரின் நிலையைச் சொன்னார்கள். 2011 மார்ச்சில் ஜப்பான் நிலநடுக்கம், சுனாமிக்குப் பிறகு பாதித்த ஊர்களில் தற்காலிகப் பேரிடர் எஃப்எம் நிலையங்கள் முளைத்தன. ஒரு நிலையத்தை அதன் பகுதிக்குள் இருப்பவர் மட்டுமே கேட்கலாம் என்ற கட்டுப்பாட்டை ராடிகோ தற்காலிகமாகத் தளர்த்தியது. அலையும் இணையமும் சேர்ந்து வேலை செய்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 2022 மார்ச்சில் பிபிசி உலக சேவை உக்ரைனுக்கும் ரஷ்யாவின் சில பகுதிகளுக்கும் தினம் நான்கு மணி நேரம் சிற்றலையில் செய்தி ஒலிபரப்பத் தொடங்கியது, பலர் காலாவதி என்று கழித்துவிட்ட அதே சிற்றலையில். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் மின்தடையில் மூழ்கியபோது மக்கள் மின்கல வானொலியைத் தேடிப் போனார்கள்.

கோபுரத்தின் உண்மையான மதிப்பு இந்த நாட்களில்தான் தெரிகிறது. வருமானக் கணக்கில் அது செலவாகத் தெரியும். அதனால் செலவைக் குறைக்க உட்காரும் நிர்வாகம் ஜெனரேட்டர் டீசலையும் துணை ஒலிபரப்புக் கருவியையும்தான் முதலில் வெட்டும். கடைசியாக வெட்ட வேண்டியதை முதலில் வெட்டுகிறார்கள்.

நாலைந்து பேர் மட்டும் இருக்கும் நிலையம் என்றால்

மேலே சொன்ன எடுத்துக்காட்டுகளில் பல பெரிய நிறுவனங்கள். சிறிய நிலையம், சமுதாய வானொலி, இவற்றுக்கு ஆளும் இல்லை பணமும் இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது ஒரு ஸ்ட்ரீம், ஒரு வாட்ஸ்ஆப் எண், வாரம் ஒரு வெட்டிய பேட்டி. அவ்வளவு போதும். வாட்ஸ்ஆப் எண்ணில் நேயர்கள் குரல்பதிவு அனுப்பட்டும். எழுதத் தயங்குபவர் பேசத் தயங்கமாட்டார், அந்தக் குரலை நேரடியாக ஒலிபரப்பலாம். டேட்டா இல்லாதவருக்கு மிஸ்டு கால் கொடுத்து வாக்களிக்கும் வசதியைக் கிராம வானொலிகள் பல இடங்களில் வெற்றிகரமாகப் பயன்படுத்துகின்றன. தனிச் செயலி வேண்டாம். தினம் ஆறு சமூக வலைத்தளங்களில் பதிவு போட ஓர் ஆளை முழுநேரமாக உட்கார வைக்கவும் வேண்டாம். அந்த ஆள் வெளியே போய் ஒரு பேட்டி பதிவுசெய்து வரட்டும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, எல்லோரும் தள்ளிப்போடும் வேலை: பழைய பதிவுகள். நிலையத்தின் அலமாரியில் ஒலிநாடாக்களும் குறுந்தகடுகளும் பெயர் தெரியாத வன்தட்டுகளும் கிடக்கும். ஒலிநாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு உதிரும், அதை ஓட்டும் கருவியும் அரிதாகிக்கொண்டே வருகிறது. டிஜிட்டலாக்கும்போது ஒவ்வொரு கோப்புக்கும் யார் பேசினார், எப்போது, எதைப் பற்றி, உரிமை யாருடையது என்று நாலு வரி எழுதி வைக்க வேண்டும். எழுதாத கோப்பை அடுத்த தலைமுறை திறந்து பார்க்காது. இரண்டு இடங்களில் பிரதி இருக்கட்டும், ஒன்று நிலையக் கட்டிடத்துக்கு வெளியே.